சமாதானத் தேத்தண்ணி

ஞானரட்ணம் வீட்டு முன்னறையில் நான்கு பேர் இருந்தார்கள். அடித்தவன் பேசிக்கொண்டிருந்தான். அடித்தவனுடைய தாய்மாமன் பேசிக்கொண்டிருந்தார். சமாதானம் செய்துவைக்கும் ஞானரட்ணமும் பேசிக்கொண்டிருந்தார். அடி வாங்கியவள் மட்டும் மணிக்கட்டில் கட்டோடு சோபாவின் நுனியில் இருந்துகொண்டு, ஹீற்றரின் மேல் காயப்போட்டிருந்த ஒரு சோடிக் காலுறையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவள் படியில வழுக்கினவள் அங்கிள்," என்றான் றொஜன். "நான் பிடிக்கத்தான் போனனான். பிடிச்ச பிடி கொஞ்சம் இறுகிப் போச்சு."

"காப்பாத்தப் போன கைதானே, இறுகத்தான் செய்யும்," என்றார் மாமன் யேசுரட்ணம். றொஜன் கோயில் பாட்டுக் குழுவில் கிற்றார் வாசிக்கிறவன். அவ்வளவு நல்ல கை வேறென்ன செய்யும் என்பது அவருடைய வாதம்.

"சரி, சரி," என்றார் ஞானரட்ணம். "பிள்ளை ஜெஸ்ரின், நீ ஒண்டுக்கும் யோசியாதை. இண்டைக்கு இதை முடிச்சுப்போட்டுத்தான் எழும்புறது."

முடித்துவிட்டால் ஜெஸ்ரின் இன்று மாலையே றொஜனுடன் வீட்டுக்குப் போகவேண்டும். நேற்று அந்த வீட்டை விட்டு வெளியே வந்து பஸ் தரிப்பில் நின்றவளைத்தான், பூசைக்குப் போய்வந்த யாரோ கண்டு இங்கே கூட்டிவந்து விட்டிருந்தார்கள். மன்னாரிலிருந்து கலியாணம் கட்டி வந்து இன்னும் இரண்டு வருடம் ஆகவில்லை. இந்த ஊரில் அவளுக்குத் தெரிந்த வாசல்கள் இரண்டுதான்: ஒன்று றொஜனுடையது, மற்றது கோயிலுடையது.

லண்டன் ஸ்ட்ரெதத்தில் கத்தோலிக்கத் தமிழ்ப் பூசைக்கு வருகிறவர்களில் ஞானரட்ணத்தை அறியாதவர் இல்லை. பாதாள ரயில் நிலையமொன்றில் நெடுங்காலம் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். ஓய்வுபெற்ற மனிதருக்குப் பொழுது போகவேண்டும் அல்லவா? சிலர் வீட்டின் பின்னால் கத்தரிக்காய் வளர்க்கிறார்கள். ஞானரட்ணம் பிறர் வீட்டுச் சண்டைகளைத் தீர்த்துவைத்தார். யாரும் அவரை நியமிக்கவில்லை. நல்ல மனிதர்தான், அதில் சந்தேகமே இல்லை. சிக்கலும் அதில்தான். கெட்ட மனிதராக இருந்திருந்தால் சனம் அவர் வீட்டு மணியை அடித்திருக்காது.

அவருடைய முறை எளிமையானது. முதலில் கணவன் பேசுவான். பிறகு கணவனின் பக்கத்தார் பேசுவார்கள். அதன்பின் ஞானரட்ணம் திருக்குடும்பத்தைப் பற்றிக் கொஞ்சம் பேசுவார். சூசையப்பர் ஒருநாளும் கை நீட்டாதவர் என்று சொல்லி அடித்தவனைக் கண்டிப்பார். மாதா ஒருநாளும் வாய் காட்டாதவர் என்று சொல்லி மற்றப் பக்கத்தையும் சரிக்கட்டுவார். பிறகு குசினிப் பக்கம் குரல் கொடுப்பார். அந்தப் பெண் எழுந்து போய், ஞானரட்ணத்தின் மனைவி மெற்றில்டா ஊற்றிவைத்த தேத்தண்ணியை ட்ரேயில் வாங்கிவந்து, முதல் கோப்பையைத் தன் புருசனின் கையில் கொடுக்கவேண்டும். அவன் வாங்கி ஒரு வாய் குடித்தால் கதை முடிந்தது. அதற்குமேல் யாரும் எங்கும் அதைப் பேசக்கூடாது. பேசினால் குடித்த தேத்தண்ணிக்கு மரியாதை இல்லை.

இப்படி அந்த முன்னறையில் எத்தனையோ குடும்பங்கள் ஒன்றுசேர்ந்திருக்கின்றன. சில குடும்பங்கள் வருடத்துக்கு இரண்டு தரம் வந்து ஒன்றுசேர்ந்திருக்கின்றன.

அடுத்த நாள் கோயிலில் குடும்ப விழா. ஞானரட்ணம் பேசவேண்டும். என்ன பேசுவது என்று திண்டாடிக்கொண்டிருந்தவருக்குப் போன கிழமை யாரோ கைத்தொலைபேசியில் ஒரு செய்தியை அனுப்பியிருந்தார்கள். அதைப் படித்த நாளிலிருந்து மனிதரின் நடையே மாறிவிட்டது. இப்போதும் அறையின் இறுக்கத்தைத் தளர்த்த அதையே எடுத்தார்.

"உலகம் போற போக்கைப் பாரும் யேசு," என்றார். "நோர்வே, டென்மார்க், சுவீடன். பொம்பிளையளுக்குச் சம உரிமை எண்டால் முதல் இடம் இவைக்குத்தான். ஆனா, அடி வாங்கினன் எண்டு சொல்லுற பொம்பிளையளும் அங்கதான் கூடவாம்! உரிமை குறைஞ்ச நாடுகளில குறைவாம்!"

"உண்மையோ அண்ணை?"

"பெரிய ஆராய்ச்சி செய்து கண்டுபிடிச்சிருக்கினம். ஷெறோன்! இஞ்ச ஒருக்கா வா பிள்ளை!"

ஷெறோன் ஞானரட்ணத்தின் தங்கை மகள். ஒஸ்லோவில் பிறந்து வளர்ந்து, அங்கே ஒரு மருத்துவமனையில் பிள்ளைப்பேறு பார்க்கும் தாதியாக இருப்பவள். விடுமுறைக்கு மாமா வீட்டுக்கு வந்து நாலு நாளாகிறது. மெற்றில்டா பொரித்த றோல்ஸ் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள்.

"நான் சொல்லுறது சரியோ பிழையோ?"

"சரிதான் மாமா. அங்க கூடத்தான்," என்றாள்.

ஞானரட்ணம் வெற்றியோடு சாய்ந்து இருந்தார். யேசுரட்ணத்துக்கு உடனே காரணம் தெரிந்துவிட்டது.

"குளிர் அண்ணை, குளிர். மாசக்கணக்கில வெயிலைக் காணமாட்டான். மனிசன் என்னதான் செய்வான்?"

"குளிரில்லை மாமா," என்றான் றொஜன். அவனுக்கும் ஒரு கருத்து இருந்தது. "அங்க குடும்ப ஆதரவு இல்லை. கோவம் வந்தா ஆறுதல் சொல்ல ஒரு சொந்தக்காரன் பக்கத்தில இல்லை. அதுதான் கை நீளுது."

அடித்தவனே அமர்ந்திருந்து அடிக்கான காரணத்தை ஆராய்வது அங்கே ஒருவருக்கும் விசித்திரமாகப் படவில்லை. ஜெஸ்ரினுக்குப் பட்டிருக்கலாம். அவளை யாரும் கேட்கவில்லை.

"ஏன் கூட எண்டு ஒருத்தருக்கும் வடிவாத் தெரியாது மாமா," என்றாள் ஷெறோன். "குடி எண்டு சொல்லுவினம். வேற காரணமும் சொல்லுவினம். அங்கயும் அடிக்கிறவங்கள் அடிச்சுக்கொண்டுதான் இருக்கிறாங்கள். ஆனா ஒண்டு. அங்க கேட்டால் சொல்லுவினம். நீங்கள் நாளைக்கு எங்கட சனத்துக்குள்ள எத்தினை எண்டு சொல்லப் போறியள்?"

"பூச்சியம்!" ஞானரட்ணம் விரலை வட்டமாக்கிக் காட்டினார். "இந்தக் கோயில் சனத்துக்குள்ள பொலிசுக்குப் போன கதை ஒண்டும் இல்லை."

"ஆரைக் கேட்டனீங்கள்?"

"கேக்கிறதோ? எனக்குத் தெரியாமல் இஞ்ச என்ன நடக்கும்?"

"அதுவும் சரிதான்," என்று சொல்லிவிட்டு ஷெறோன் றோல்ஸைக் கடித்தபடி குசினிக்குத் திரும்பிப் போனாள்.

முன்னறைக்கும் குசினிக்கும் நடுவில் இருந்தது மெல்லிய சுவர். முன்னறையில் பேசுவதெல்லாம் குசினியில் கேட்கும். குசினியில் பேசுவது முன்னறையில் கேட்காது. கேட்கவேண்டும் என்று அங்கே யாரும் நினைத்ததில்லை.

மெற்றில்டா தேயிலையைப் போத்தலிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தார். ஜெஸ்ரினுக்கு என்று ஒரு கோப்பையில் சீனியைக் கூடப் போட்டார். இந்த வீட்டுக்கு வந்துபோன எல்லாப் பெண்களின் கோப்பையிலும் அவர் ஒரு கரண்டி சீனி கூடத்தான் போட்டிருக்கிறார். தன்னால் இயன்றது அவ்வளவுதான் என்று நினைத்திருந்தார்.

"அங்க நீங்கள் எப்பிடிக் கேப்பியள்?" என்றார் திடீரென்று.

"எதை மாமி?"

"அதுதான். அடிக்கிறவரோ எண்டு."

"புருசனை வெளியில இருக்கச் சொல்லிப்போட்டுத்தான் கேப்பம். கதவைச் சாத்திப்போட்டு. 'அடிச்சவரோ' எண்டு மொட்டையாக் கேட்டா இல்லையெண்டுதான் சொல்லுவினம். தள்ளினவரோ, கழுத்தைப் பிடிச்சவரோ, கன்னத்தில தந்தவரோ, பயமா இருக்கோ எண்டு ஒவ்வொண்டாக் கேப்பம்."

"அதெல்லாத்தையும் கணக்கில எடுப்பினமோ?"

"எடுக்காமல்?" என்ற ஷெறோன், றோல்ஸின் கடைசித் துண்டை வாயில் போட்டுக்கொண்டு, சும்மா விளையாட்டாகத்தான் கேட்டாள். "மாமா உங்களுக்கு எப்பவாவது அடிச்சவரோ?"

"சீ, என்ன கதை! உங்கட மாமா அப்பிடிப்பட்ட ஆள் இல்லை." மெற்றில்டா சிரித்தார். தண்ணீர் கொதித்தது. சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக நின்றது. "ரெண்டு மூண்டு தரம் கை நீட்டினவர். வந்த புதிசில. நைட் ஷிப்ட் முடிச்சு வந்து படுக்கேக்க பிள்ளை அழுதுது எண்டு. அது அடியில்லைப் பிள்ளை. கோவத்தில கை பட்டது."

"எங்க பட்டது?"

மெற்றில்டாவின் கை தானாக இடது காதுக்குப் போனது. அந்தக் காது அன்றிலிருந்து மந்தம். தொலைபேசியை எப்போதும் வலது காதில்தான் வைப்பார். பூசையில் மர வாங்கின் இடது நுனியில்தான் இருப்பார், ஆட்களெல்லாம் வலப்பக்கம் வரவேண்டும் என்று. இவ்வளவையும் ஒழுங்குபண்ணி வைத்திருந்த மனுசி, அதை அடி என்று மட்டும் ஒருநாளும் சொல்லிக்கொண்டதில்லை.

ஷெறோனின் முகத்தில் இருந்த விளையாட்டுப் போய்விட்டது. மாமியின் கையைப் பிடித்தாள்.

"அப்ப நான் ஒஸ்லோவில இருந்திருந்தா," என்றார் மெற்றில்டா மெல்ல, "நானும் அந்தக் கணக்கில வந்திருப்பன், என்ன?"

"ஓம் மாமி."

"இஞ்ச இருந்தபடியால் பூச்சியம்."

"மெற்றில்டா! தேத்தண்ணி!" முன்னறையிலிருந்து குரல் வந்தது. பதில் இல்லாமல் போக, "இவவுக்கு ஒரு காது மந்தம். எப்பவும் ரெண்டு தரம் கூப்பிடவேணும்," என்று ஞானரட்ணம் விருந்தாளிகளுக்குச் சிரித்துக்கொண்டே விளக்குவதும் கேட்டது. மறுபடி சத்தமாக, "மெற்றில்டா! ஜெஸ்ரின் வாறா, ட்ரேயைக் குடும்!"

ஜெஸ்ரின் வந்தாள். இரண்டு கையையும் நீட்டினாள். கட்டுப் போட்ட கையில் ட்ரே நிற்காது என்பது முன்னறையில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

மெற்றில்டா அவளைத் தாண்டிப் போய்க் குசினிக் கதவைச் சாத்தினார். அந்தக் கதவு சாத்தப்பட்டு வருடக்கணக்காகிறது. சமையல் வாசம் வீடெல்லாம் போகட்டும் என்பது ஞானரட்ணத்தின் விருப்பம்.

"இரு பிள்ளை," என்றார். "ஹொஸ்பிற்றலில உன்னட்டை ஒண்டும் கேக்கேல்லையோ?"

"கேட்டவை அன்ரி. நேர்ஸ் கேட்டவ. நல்ல மனுசி. எனக்கு இங்கிலீஸ் அவ்வளவா விளங்காது. றொஜன்தான் மொழிபெயர்த்தவர்."

"என்னெண்டு?"

"'வீட்டில எல்லாம் சந்தோசமோ எண்டு கேக்கினம், ஓம் எண்டு சொல்லு' எண்டு. நானும் ஓம் எண்டனான். அவ சிரிச்சுக்கொண்டு போயிட்டா."

ஷெறோன் ஒரு கெட்ட வார்த்தையை நோர்வேஜிய மொழியில் சொன்னாள். குசினியில் மொழிபெயர்க்க ஆள் இல்லை.

"இப்ப நான் தமிழில கேக்கிறன்," என்று ஷெறோன் ஜெஸ்ரினுக்கு எதிரே வந்து இருந்தாள். "ஒருத்தரும் மொழிபெயர்க்கத் தேவையில்லை. படியில விழுந்தனீங்களோ?"

ஜெஸ்ரின் கதவைப் பார்த்தாள். கதவு சாத்தித்தான் இருந்தது.

"எங்கட வீடு ஃபிளாட் அக்கா," என்றாள். "கீழ் வீடு. அதில படியே இல்லை."

அதைச் சொன்னதும் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. இந்த ஊருக்கு வந்தபின் முதல்தரம் உண்மையைச் சொன்னவளுக்குச் சிரிப்பு வரும் என்று யார் நினைத்தார்கள்? சிரிப்போடு கண்ணீரும் வந்தது. பிறகு கழுத்தில் சுற்றியிருந்த துணியைத் தளர்த்தி, அங்கே பதிந்திருந்த விரல் தடங்களைக் காட்டினாள். மெற்றில்டா பார்த்துவிட்டு மறுபக்கம் திரும்பிக்கொண்டார். தன் கையால் ஊற்றிக் கொடுத்த எல்லாத் தேத்தண்ணியும் நினைவுக்கு வந்தது.

"போகமாட்டன் எண்டு சொல்ல எனக்குப் பயம் அன்ரி. விசா தன்ர கையில எண்டு சொல்லுறார். ஹோம் ஒஃபிசுக்கு ஒரு கோல் அடிச்சா அடுத்த பிளேனில நான் மன்னாராம்."

"அவன் சொன்னால் சட்டமோ?" என்றார் மெற்றில்டா. "அடிக்குத் தப்பி வந்த பொம்பிளையளுக்கு இஞ்ச வேற வழி இருக்கு. கோயிலில ஒருத்தி அப்பிடித்தான் விசா எடுத்தவள். அவள் தேத்தண்ணி குடிக்க இஞ்ச வரேல்லை, நேராச் சட்டத்தரணியிட்டைப் போயிட்டாள். அதனால உங்கட அங்கிளின்ர கணக்கில அவளும் இல்லை." கொஞ்சம் நிறுத்தினார். "நான் உன்னைப் போ எண்டும் சொல்லமாட்டன், நில் எண்டும் சொல்லமாட்டன். நீ சொல்லு. நிக்கிறதெண்டால் மேல ஒரு அறை இருக்கு."

முன்னறையிலிருந்து கோப்பைக்காகக் காத்திருக்கும் மனிதர்களின் இருமல் கேட்டது.

"நிக்கிறன் அன்ரி," என்றாள்.

மெற்றில்டா ட்ரேயில் இருந்த கோப்பைகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சிங்கில் கவிழ்த்தார். நல்ல தேயிலை, ஏலக்காய் தட்டிப்போட்ட பால். ஊற்றும்போது அவருக்கே கொஞ்சம் மனம் கேட்கவில்லை. ஜெஸ்ரினின் கோப்பையை மட்டும் ஊற்றாமல் அவளிடமே கொடுத்தார். பிறகு கதவைத் திறந்துகொண்டு முன்னறைக்குப் போனார்.

"தேத்தண்ணி இல்லை," என்றார்.

மூன்று ஆண்களும் அவரைப் பார்த்தார்கள். அந்த வீட்டில் அப்படி ஒரு வசனத்தை ஒருவரும் கேட்டதில்லை.

"பால் முடிஞ்சுதோ?" என்றார் ஞானரட்ணம். "சொல்லியிருக்கலாமே. நான் ஓடிப்போய் வாங்கிக்கொண்டு வாறன்."

"பால் இருக்கு."

"எனக்குப் பிளேன் ரீயும் பரவாயில்லை அக்கா," என்றார் யேசுரட்ணம் பெருந்தன்மையோடு.

"பிளேன் ரீயும் இல்லை. தம்பி றொஜன், நீர் வெளிக்கிடும். பிள்ளை இஞ்ச நிக்குது."

றொஜன் எழுந்தான். பாட்டுக் குழு முகம் கழன்றுபோய், ஜெஸ்ரின் நன்றாக அறிந்த மற்ற முகம் வெளியே வந்தது. "என்ன அன்ரி விளையாட்டு? அவள் என்ர மனுசி. ஜெஸ்! வா வெளியில!"

ஜெஸ்ரின் குசினி வாசலில் வந்து நின்றாள், கழுத்துத் துணி தளர்ந்தபடியே. கையில் தன் கோப்பை இருந்தது. அவன் முகத்தைப் பார்க்காமல் அவன் சேட்டின் பொத்தானைப் பார்த்துத்தான் சொன்னாள், என்றாலும் சொன்னாள்.

"நான் வரேல்லை."

அவன் ஒரு அடி முன்னால் வைத்தான். ஷெறோன் கைத்தொலைபேசியைக் காதில் வைத்தபடி ஜெஸ்ரினின் பக்கத்தில் வந்து நின்று, அமைதியாக, ஆங்கிலத்தில் யாருக்கோ இந்த வீட்டு முகவரியைச் சொல்லத் தொடங்கினாள். யேசுரட்ணம் சட்டென்று மருமகனின் தோளைப் பிடித்தார். அந்தப் பிடியும் கொஞ்சம் இறுக்கமாகத்தான் இருந்தது. "வாடா," என்றார். "எனக்குக் கடையில வேலையிருக்கு." முன்கதவு பலமாக அடித்துச் சாத்தப்பட்டது. பொலிஸ் வருவதற்குள் அவர்களுடைய கார் தெருமுனையைத் தாண்டிவிட்டது என்றாலும், வந்தவர்கள் ஜெஸ்ரினைக் குசினியில் தனியே இருத்தி, தொலைபேசியில் ஒரு தமிழ்ப் பெண்ணைப் பிடித்து மொழிபெயர்க்க வைத்து, கேட்கவேண்டியதை எல்லாம் கேட்டுக்கொண்டு போனார்கள்.

அவர்கள் போனபிறகும் ஞானரட்ணம் முன்னறையில் தனியே இருந்தார். அவருக்குக் கோபமா வெட்கமா என்று அவருக்கே தெரியவில்லை. தன் வீட்டு வாசலில் பொலிஸ் கார் நின்றதைப் பக்கத்து வீட்டு ஜன்னல் பார்த்ததுதான் முதலில் உறைத்தது. ஜெஸ்ரினின் கழுத்து இரண்டாவதாக உறைத்தது. முன்னே சொன்னேன், நல்ல மனிதர். வரிசைதான் கொஞ்சம் பிசகிவிடும். தானே தேத்தண்ணி போடக் குசினிக்குப் போனார். கேத்தலைப் போட்டார். சீனி எங்கே இருக்கிறது என்று தெரியாமல் மூன்று அலுமாரிகளைத் திறந்து பார்த்தார். மிளகாய்த் தூள் இருந்தது.

மெற்றில்டா கையில் விரிப்பும் தலையணை உறையுமாக மாடிக்கு ஏறப் போனார். ஞானரட்ணம் அவரைப் படியடியில் பிடித்துக்கொண்டார்.

"நாளைக்கு நான் என்னத்தையப்பா பேசுறது? எல்லாருக்கும் சொல்லிப்போட்டன், எங்கட சனத்தில பூச்சியம் எண்டு."

"பேசுங்கோ," என்றார் மெற்றில்டா. "பூச்சியம் எண்டு மட்டும் சொல்லாதேங்கோ. எனக்குத் தெரிய ரெண்டு எண்டு சொல்லுங்கோ. மிச்சத்தை அவையவை கதவைச் சாத்திப்போட்டுக் கேட்டுப் பாக்கட்டும்."

"ரெண்டோ?"

மெற்றில்டா ஏறத் தொடங்கிவிட்டார். ஞானரட்ணம் கைப்பிடியைப் பிடித்தபடி அண்ணாந்து நின்று, மனத்துக்குள் ஆட்களை எண்ணிப் பார்த்தார். ஜெஸ்ரின் ஒன்று. அதற்குமேல் எவ்வளவு யோசித்தும் ஒருவரும் வரவில்லை. உண்மையிலேயே வரவில்லை.

"மற்றது ஆர்?" என்று கேட்டார்.

அவர் நின்றது மெற்றில்டாவின் இடது பக்கம். பதில் வராமல் போகவே, வழக்கம்போல இரண்டாம் தரம் கொஞ்சம் சத்தமாகக் கேட்டார்.

"மெற்றில்டா! மற்றது ஆர்?"